ஜே.சி. டேனியல்: திரையில் இடம் தந்தவரும் அரங்கில் இடம் மறுக்கப்பட்டவரும்

மலையாளத் திரைப்படத்துறையில் வாழ்நாள் பங்களிப்புக்காகக் கேரள அரசு வழங்கும் மிக உயரிய விருது ஜே.சி. டேனியலின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவ்விருது நிறுவப்பட்டது 1992இல். டேனியல் இறந்தது 1975இல். உயிரோடிருந்த காலத்தில், நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்லி மறுத்ததும் இதே அரசுதான். இந்த மறுப்பையும் அதற்கு முன்பே நிகழ்ந்த இன்னொரு மறுப்பையும் சேர்த்து வாசிக்காமல் டேனியலின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இயலாது என்பது நமது கருத்து.

ஜோசப் செல்லையா டேனியல் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியிலுள்ள அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். வசதி படைத்த நாடார் கிறித்தவக் குடும்பம். களரிப்பயிற்சியில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதினார். அக்கலையைப் பலரிடம் கொண்டுசெல்லும் வழியாகவே திரைப்படத்தை அவர் முதலில் கண்டார். தொழில் கற்கச் சென்னைக்குச் சென்றார். அங்கே படப்பிடிப்புத் தளங்களின் கதவு திறக்கவில்லை. பம்பாய்க்குச் சென்று கற்றுத் திரும்பினார். தம் நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கேரள மண்ணில் அமைந்த முதல் படப்பிடிப்பு நிலையம் அதுவே.

அங்கே உருவான ‘விகதகுமாரன்’ ஒரு மௌனப்படம். கதை, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, முதன்மை வேடம் அனைத்தும் டேனியலுடையவை. இந்தியத் திரை பெரும்பாலும் புராணங்களையே நம்பியிருந்த காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு சிறுவனைப் பற்றிய சமூகக் கதையை அவர் எடுத்துக்கொண்டார். கதாநாயகியாக நடிக்கப் பம்பாயிலிருந்து ஏற்பாடு செய்யப்பட்ட நடிகை நிலைக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர், உழைப்பாளி, காக்காரிசி நாடகங்களில் நடித்துப் பழகியவர். அவருக்குத் தரப்பட்ட வேடம் சரோஜினி என்னும் நாயர் பெண்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட நாள். 1930 அக்டோபர் 23 என்பாரும் உளர். எந்த ஆண்டாயினும், கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்த 1936க்கு முந்தைய திருவிதாங்கூர் அது. தொடக்கி வைக்க அழைக்கப்பட்டிருந்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி அரங்கில் இருந்தால் தாங்கள் வர இயலாது என்று ஊரின் பிரமுகர்கள் கூறினர் என்றும், ரோசி வெளியே நிறுத்தப்பட்டார் என்றும் அக்கால நினைவுகளிலிருந்து அறிகிறோம். ஒரு வழக்கறிஞர் விளக்கேற்ற வந்த அவையில் இது நடந்தது என்பதை, அதே தொழிலில் இருக்கும் நாம் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

சரோஜினியின் கூந்தலிலிருந்த பூவைக் கதாநாயகன் முத்தமிடும் காட்சியில் அரங்கு கொதித்தது. திரையின்மீது கற்கள் விழுந்தன. ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் தோன்றியதுதான் குற்றம். பின்னர் ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. இரவோடு இரவாக லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். அந்த லாரியின் ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய காலத்தை வாழ்ந்து முடித்தார். அதன்பின் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

ரோசியைத் தடுக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, வழக்கமே போதுமானதாக இருந்தது. பொதுக் கேளிக்கை இடங்களில் நுழையும் உரிமை அரசியலமைப்பின் 15(2)ஆம் உறுப்பில் பின்னாளில் இடம்பெற்றது. அதை மறுப்பது 1955ஆம் ஆண்டின் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குடியிருப்பைத் தீயிட்டு அழிப்பதும், வீட்டைவிட்டு வெளியேறச் செய்வதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். இப்பிரிவுகளை வகுப்பில் படிக்கும் மாணவர்கள் கேப்பிட்டல் அரங்கின் வாசலை மனத்தில் நிறுத்திப் படிக்கலாம்.

டேனியலும் அழிந்தார். கடன் பெருகி, கருவிகளை விற்று, நிலையத்தை மூடினார். பல் மருத்துவம் கற்றுத் தமிழக ஊர்களில் தொழில் நடத்தினார். நடிகர் பி.யு. சின்னப்பாவின் தூண்டுதலால் மீண்டும் திரைத்துறையை நாடி, சேர்த்த பொருளையும் இழந்தார். இறுதியில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார், வறுமையோடு. ‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. 1938இல் வந்த ‘பாலன்’ பேசும்படமே நெடுங்காலம் முதல் மலையாளப் படமாகக் கொண்டாடப்பட்டது. டேனியலைத் தேடிப்பிடித்து, அவருக்காக எழுதியும் அதிகாரிகளிடம் வாதாடியும் வந்தவர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன்.

உதவித்தொகை மறுக்கப்பட்டதற்கான காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. டேனியல் படமெடுத்ததோ திருவிதாங்கூர்க் குடிமகனாக, திருவிதாங்கூரின் தலைநகரில். பின்னால் வரைந்த எல்லைக்கோட்டைக் கொண்டு முன்னால் செய்த பணியை அளந்தார்கள். நாடார் என்பதாலேயே அவர் ஒதுக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ (2013) வெளியானபோது அது கேரளத்தில் பெரும் விவாதமாயிற்று. தோள்சீலை உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த சமூகம் அது என்பதை நினைத்தால், அந்தக் குற்றச்சாட்டை வெறும் கற்பனை என்று தள்ளிவிட நாம் தயாரில்லை.

ஆனால் இருவரின் இழப்பையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இங்கே கண்கூடு. டேனியலுக்கு விற்பதற்கு நிலம் இருந்தது, மாற்றுத் தொழில் கற்க வழி இருந்தது, கடைசிவரை சொந்தப் பெயர் இருந்தது. ரோசிக்கு இவற்றுள் எதுவும் மிஞ்சவில்லை. புலையப் பெண்ணை நாயகியாக்கும் துணிவு டேனியலுக்கு இருந்தது. அவரைத் தம் அருகே அரங்கில் அமர்த்தும் வலிமை இருக்கவில்லை. ‘செல்லுலாய்ட்’ படமும் டேனியலின் கனவையே மையமாக்கி, ரோசியை இரக்கத்துக்குரியவராகச் சுருக்கியது என்று தலித் பெண்ணியர்கள் அன்றே சுட்டிக்காட்டினர். நாடக மேடையில் தேர்ந்த ஒரு கலைஞரை அப்பாவிப் பெண்ணாகக் காட்டியது நமக்கும் உறுத்துகிறது.

ரோசியின் பெயர் இப்போது திரும்பி வருகிறது. மலையாளத் திரையுலகின் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் அவர் பெயரில் திரைப்படச் சங்கம் அமைத்தது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்தது. கேரள அரசின் விருதோ டேனியலின் பெயரில் ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது.

டேனியல் இறந்த அகஸ்தீஸ்வரமும் ரோசி ராஜம்மாளாக வாழ்ந்த நாகர்கோவிலும் ஒரே தாலுகாவில் இருக்கின்றன.