பட்டம் போயிற்று, பாட்டு நின்றது

காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, கருங்கடலை ஒட்டி அமைந்த சிறுநாடு ஜார்ஜியா. பக்ராத்தியோனி என்னும் அரச மரபினர் அதனைப் பல நூற்றாண்டுகள் ஆண்டனர். அம்மரபில் வந்த பன்னிரண்டாம் ஜார்ஜ், கிழக்கு ஜார்ஜியாவின் இறுதி மன்னர். அவர் 1800ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். மறு ஆண்டே உருசியப் பேரரசு அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மன்னரின் வழித்தோன்றல்களுக்குக் 'குருசின்ஸ்கி' என்னும் குடும்பப் பெயர் வழங்கலாயிற்று. உருசிய மொழியில் அதற்கு 'ஜார்ஜியர்' என்பது பொருள். நாட்டை இழந்த குடும்பத்துக்கு நாட்டின் பெயர் மட்டும் எஞ்சிற்று, அதுவும் அயல்மொழியில்!

அக்குடும்பத்தில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர் கவிஞர் பெத்ரே குருசின்ஸ்கி. 1918இல் விடுதலை பெற்ற ஜார்ஜியா அப்பொழுது குடியரசாக விளங்கியது. அவ்விடுதலை நீடிக்கவில்லை. 1921 பிப்ரவரியில் செஞ்சேனை தலைநகர் திபிலிசியைக் கைப்பற்றியது. ஆக, குழந்தைப் பருவம் முதலே பெத்ரே வாழ்ந்தது சோவியத்து ஆட்சியின் கீழ்தான்.

உயர்குடிப் பிறப்பே ஐயத்துக்குரியதாய் இருந்த காலம் அது. எழுத்தும் அச்சத்துக்கு உரியதாயிற்று. பெத்ரேக்குப் பதினேழு வயதான 1937ஆம் ஆண்டில் பெருங்கவிஞர் தித்சியான் தபித்சே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் நண்பர் பாவ்லோ யாஷ்விலி, எழுத்தாளர் சங்கக் கட்டடத்திலேயே தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். இவற்றைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்த ஓர் இளைஞர், அரச மரபின் பெயரைத் தாங்கிக்கொண்டே தாய்மொழியில் கவிதை எழுத முற்பட்டார் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது 1973இல் வெளிவந்த 'வேரா பகுதியின் இன்னிசைகள்' என்னும் இசைத் திரைப்படம். கியோர்கி ஷெங்கெலாயா இயக்க, கியோர்கி த்சபாத்சே இசையமைக்க, பாடல்களைப் பெத்ரே இயற்றினார். பழைய திபிலிசியின் சலவைப்பெண் ஒருத்தியும், தாயற்ற இரு சிறுமியரை வளர்க்கும் ஏழை வண்டியோட்டியுமே அதன் தலைமை மாந்தர். மன்னர் வழிவந்தவரின் தமிழனைய தாய்மொழிப் பற்று, உழைப்பாளர் வாய்ப்பாட்டாய் மலர்ந்தது.

புதிய அரசியலமைப்பில் ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழித் தகுதியை நீக்க முற்பட்டபோது, 1978 ஏப்ரலில் திபிலிசி மாணவர்கள் வீதியில் திரண்டனர். அரசு பணிந்தது, மொழி தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

பெத்ரே 1984இல் மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1991இல், ஜார்ஜியா மீண்டும் விடுதலை பெற்றது. அவர் அரியணையில் அமரவில்லை, விடுதலையையும் காணவில்லை. மக்கள் நாவில் மட்டும் இடம் பெற்றார். பாட்டன்மார் இழந்த நாட்டைப் பேரன் தன் மொழியில் வாழ்ந்து காட்டினார் என்று மாணவர்க்கு நாம் எடுத்துரைக்கலாம்.