தெருவில் நின்ற சிவப்பு வண்டி

பினாங்கிலே ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு டோபி காட் என்ற பெயர் தெரிந்திருக்கும். டோபி என்றால் துணி வெளுப்பவர். காட் என்றால் படித்துறை. ஓடுகிற ஆற்றுத் தண்ணீரை நம்பி நம்மவர்கள் அங்கே சலவைத் தொழில் செய்தார்கள். பட்டணத்து வீடுகளின் அழுக்கெல்லாம் மூட்டை மூட்டையாகத் துறைக்கு வந்தது. வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துத் திரும்பிப் போனது. அழுக்கைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குச் சுமந்து போக வேண்டும் என்பதே உலகமெங்கும் பழைய வழக்கமாக இருந்தது.

ஆனால் மூட்டை கட்ட முடியாத ஒரு பொருள் உண்டு. அதுதான் கம்பளம். நாம் பேச்சிலே கார்பெட் என்கிறோமே, அது. துரைமார் பங்களாக்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் அதை விரித்து வைப்பார்கள். நனைந்தால் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. ஆகவே வெளியே இழுத்து வந்து கயிற்றிலே போட்டு, பிரம்பாலே அடிப்பார்கள். பறக்கிற தூசியில் பாதி அடிக்கிறவர் மூக்குக்குள் போகும். மீதி கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கம்பளத்தின் மேலேயே வந்து உட்காரும்!

இன்று ஒரு வேனில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து கம்பளத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறார்கள். பினாங்கிலும் இந்தத் தொழில் நடக்கிறது. அழுக்கு துறைக்குப் போன காலம் மாறி, துறையே அழுக்கைத் தேடி வருகிற காலம் எப்படி வந்தது? கதையைக் கேளுங்கள். இதிலே நம்ம பிள்ளைகளுக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

1901-ஆம் ஆண்டு. லண்டன் மாநகரில் எம்பயர் என்ற அரங்கத்தில் புதிய துப்புரவு இயந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது. அது காற்றை வேகமாக ஊதித் தூசியைக் கிளப்பும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற இளம் பொறியாளரும் இருந்தார். பாலங்களும் பெரிய ராட்டினங்களும் கட்டும் வேலையில் இருந்தவர். "ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக் கூடாது?" என்று கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது.

பூத் விடவில்லை. விக்டோரியா தெருவில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையிலே, மெத்தை வைத்த நாற்காலியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தொண்டையெல்லாம் தூசி அடைத்து மூச்சுத் திணறிப் போயிற்று! பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு துணியை வைத்தால் காற்று போகும், தூசி தங்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தம் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அவர் செய்த இயந்திரம் கையில் பிடிக்கக்கூடியது இல்லை. ஒரு பெட்ரோல் இன்ஜினையும் பெரிய பம்ப்பையும் குதிரை வண்டியில் ஏற்றி வைத்தார். வண்டிக்குப் பளிச்சென்ற சிவப்புச் சாயம். வண்டி தெருவில் நிற்கும். சீருடை போட்ட ஆட்கள் நீளக் குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்துப் போவார்கள். இன்ஜின் போட்ட சத்தத்தில் தெருவிலே போன குதிரைகள் மிரண்டன. வழக்கு, வம்பு எல்லாம் வந்தது. கூடவே பேரும் வந்தது. 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னே, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் விரித்திருந்த பெரிய கம்பளத்தைத் தூக்காமலேயே இந்தக் குழாய்கள் சுத்தம் செய்து கொடுத்தன. அப்புறம் அரண்மனைக்கே இயந்திரம் வாங்கினார்கள். சீமாட்டிகள் சிநேகிதிகளை விருந்துக்கு அழைத்து, வேலை நடக்கிறதை வேடிக்கை காட்டினார்களாம். தூசி ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கண்ணாடி போன்ற குழாயும் வைத்திருந்தார்கள். வியாபாரம் தெரிந்த மனுஷன்!

முதல் உலகப் போர்க் காலத்தில் நடந்தது இன்னும் பெரிது. லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் என்ற மாளிகையில் கடற்படை வீரர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே காய்ச்சல் பரவியது. தூசியின் மேலே சந்தேகம் வந்து பூத்தின் இயந்திரங்களை வரவழைத்தார்கள். பதினைந்து இயந்திரங்கள் வேலை செய்து, 26 டன் தூசியை அகற்றியதாகச் சொல்வார்கள். துப்புரவு வேலையைக் கேவலம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூத் இயந்திரத்தை விற்பதைவிட, இயந்திரத்தோடு ஆளை அனுப்பிச் செய்கிற வேலையை விற்றார். கருவி அவருடைய கம்பெனியின் கையிலேயே இருந்தது. குழாய் இழுத்த ஆட்களின் பெயர்தான் சரித்திரத்தில் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை அமெரிக்காவிலே நடந்தது. ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவர் ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்து வந்தார். அவருக்கோ ஆஸ்துமா. தினமும் தூசி கிளம்பினால் எப்படி மூச்சு விடுவது? ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, விளக்குமாற்றுக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்துத் தானே ஒரு கருவி செய்தார். 1908-ல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் தொழிலைப் பெருக்கக் கையிலே முதல் இல்லை. தோல் சாமான் வியாபாரம் செய்த ஹூவர் என்பவரிடம் உரிமையை விற்றார். பிறகு ஹூவர் என்ற பெயர் உலகமெல்லாம் பரவியது. இங்கிலாந்திலேகூட, பூத் பிறந்த நாட்டிலேயே, வீட்டைச் சுத்தம் செய்வதை "ஹூவர் பண்ணுவது" என்கிறார்கள்! மூச்சு இரைக்க இரைக்க விளக்குமாறு பிடித்த ஸ்பாங்லரை எத்தனை பேருக்குத் தெரியும்?

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டியது நம்ம கை. மரமும் நிலமும் வேறொருவருடையது.

ஸ்பாங்லரின் கருவியால் வேலை தெருவிலிருந்து வீட்டுக்குள் போய்விட்டது. அப்படியானால் வண்டி திரும்ப வந்தது ஏன்? அதற்குக் காரணம் கம்பளமே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நைலான் போன்ற செயற்கை இழையில் விலை மலிந்த கம்பளங்கள் அமெரிக்காவில் ஏராளமாக வந்தன. சுவருக்குச் சுவர் தரையோடு பதித்துவிடுவார்கள். அதை வெளியே எடுக்க முடியாது. தூசியை உறிஞ்சினால் மட்டும் போதாது. எண்ணெய்ப் பிசுக்கும் கறையும் போக வேண்டும். ஆகவே வெந்நீரை அழுத்தத்தோடு தெளித்து, தெளித்த கையோடு அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் முறை வந்தது. 1970-களில் அந்த இயந்திரங்களை வேனுக்குள்ளே பொருத்தி, வேன் இன்ஜினிலோ தனி இன்ஜினிலோ ஓட்டினார்கள். பூத்தின் சிவப்பு வண்டி மறுபிறப்பு எடுத்தது என்றே சொல்லலாம்.

வேனில் பொருத்திய இயந்திரத்துக்குப் பலம் அதிகம். ஆனால் குழாய் நீள நீள உறிஞ்சும் வேகம் குறையும். பதினைந்தாம் மாடிக்கு எப்படிக் குழாய் இழுப்பது? அங்கேதான் சக்கரம் வைத்த சிறிய இயந்திரம் கைகொடுக்கிறது. வேனில் கொண்டு போய் இறக்கி, லிஃப்டில் ஏற்றி, வேலை செய்யும் அறை வாசலிலேயே நிறுத்தலாம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, ஒரு பம்ப், உறிஞ்சும் மோட்டார் ஒன்றோ இரண்டோ, தண்ணீர் சூடாக்கும் கருவி. இவ்வளவுதான்.

கேட்க எளிது, செய்கிறவருக்குத்தான் நுணுக்கம் தெரியும். நம் நாட்டில் 13 ஆம்பியர் பிளக் ஒன்று, 240 வோல்ட்டில் ஏறக்குறைய 3,100 வாட் தாங்கும். ஹீட்டரையும் மோட்டார்களையும் ஒரே இடத்தில் மாட்டினால் வீட்டுக்காரர் வீடே இருட்டாகிவிடும். அதனால் இரண்டு வயர்களை வெவ்வேறு மின்சுற்றில் மாட்ட வேண்டும். முதலில் உலர்ந்த தூசியை உறிஞ்சாமல் தண்ணீர் தெளித்தால் தூசி சேறாகிவிடும். மருந்துத் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். பிறகு ஒரு தரம் தண்ணீரோடு இழுத்தால், இரண்டு தரம் தண்ணீர் விடாமல் இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும். ஈரம் நின்றால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் நாற்றம் எடுக்கும். கம்பளி நெசவு என்றால் சூடும் காரமும் அளவோடு இருக்க வேண்டும்; சாயம் ஓடுமா என்று வெள்ளைத் துணியால் ஓரத்தில் துடைத்துப் பார்க்க வேண்டும். பள்ளியில் படிக்கிற விஞ்ஞானமும் கணக்கும் இங்கே சோறு போடுகின்றன.

இனி நம்ம பத்து காவானுக்கு வருவோம். கரும்பும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த மண் இது. 2000-ல் விளையாட்டரங்கம் வந்தது. 2014-ல், பத்து மாவுங்கிலிருந்து 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம் நம்ம வாசலில் வந்து இறங்கியது. 2019-ல் ஐக்கியா என்ற பெரிய கடை திறந்தார்கள். அங்கே கம்பளமும் விற்கிறார்கள். தொழிற்சாலைகளும் அடுக்கு மாடி வீடுகளும் எழுந்தன. இத்தனை கட்டடத்தையும் யாராவது சுத்தம் செய்யத்தானே வேண்டும்? தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம்மவர்கள் பலருக்குக் கிடைத்தது குத்தகைக்காரரிடம் கூட்டிப் பெருக்குகிற கூலி வேலை. அந்த வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இயந்திரம் குத்தகைக்காரருடையது. குத்தகை மாறினால் வேலையும் ஆட்டம் காணும்.

சொந்த வேன் வைத்தவர் பாடும் சுகமென்று சொல்ல மாட்டேன். வேனுக்குத் தவணை, பெட்ரோல், பாலத்துக்கு டோல், மருந்துச் செலவு எல்லாம் உண்டு. தொலைபேசி மணி அடிக்காத வாரமும் வரும். இரவு வீட்டுக்குத் திரும்பியும் தொட்டியைக் கழுவிக் காய வைக்காவிட்டால், மறுநாள் காலையில் வேன் கதவைத் திறக்க முடியாது. ஆனால் எந்த வேலையை ஒப்புக்கொள்வது, என்ன கூலி கேட்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். தொழிலை 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி பதிந்துகொள்ளவும் பெரிய முதல் தேவையில்லை.

தண்ணீர் நிறைந்த இயந்திரத்தை ஒற்றை ஆளாகப் படியேற்றுவது கடினம். அதனால் வேன் வைத்திருப்பவருக்குக் கூட ஒரு கையாள் தேவைப்படும். அப்படிக் கையாளாகப் போகிற பிள்ளை குழாயை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்காமல், எந்தக் கறைக்கு எந்த மருந்து, எந்தக் கம்பளத்துக்கு எவ்வளவு சூடு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.