கிளிமூக்கும் மயிலிறகும்

நூலில் விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும் வழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஏட்டுச்சுவடியின் ஒரு துளையில் கயிறு கோத்திருக்கும். மற்றொன்றில் நாராசம் செருகியிருக்கும். கயிறு நழுவாதவாறு அதன் தலைப்பில் முடிந்த துண்டிற்குக் கிளிமூக்கு என்று பெயர். உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இவற்றை விளக்கியுள்ளார். கயிறு அறுந்தால் வரிசை குலையும். ஏட்டின் ஓரத்துத் தமிழ் எண்ணே துணை. அந்த ஓரமே முதலில் முறிவது என்பதுதான் கொடுமை!

செய்யுளை நாடுவோர்க்குப் பக்க எண் பெரிதன்று. 1887இல் ஐயர் சிந்தாமணியை அச்சிட்ட பின்னரும் செய்யுள் எண்ணையே நாம் சுட்டுகிறோம். உரைநடை வாசகர்க்கோ வேறு அடையாளம் வேண்டியிருந்தது. மயிலாப்பூர் இல்லங்களின் பாராயண நூல்களில் வில்வ இலை, திருநீற்றுப் பொட்டலம். மாம்பலத்துப் பள்ளிச் சிறுமியர் நூல்களில், குட்டி போடும் என்று நம்பி வைத்த மயிலிறகு. எங்கும் பேருந்துச் சீட்டு. இலையும் பூவும் கறை விடும். இறகு அத்துணைத் தீங்கு செய்வதில்லை. தாளின் மூலையை மடிப்பதே மிகக் கொடிது. அமிலமேறிய பழந்தாள் மடித்த இடத்திலேயே ஒடியும். சில நூல்களில் பக்க எண்ணும் உடன் போய்விடும். 1943இல் அடையாற்றில் தோன்றி, இன்று பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூல்நிலையம் போன்ற இடங்களுக்குச் செல்வோர் வெற்றுத்தாள் துண்டுகள் சிலவற்றைக் கையோடு கொண்டுசெல்வது நலம்.