வானில் கண்ட புயலும் கரையில் கேட்ட செய்தியும்

மேற்கே மேகம் எழக் கண்டவுடன் மழை வருமென்று சொல்லத் தெரிந்த மக்கள், தம் காலத்தின் குறிப்பை உணராதிருந்ததை ஆண்டவர் கடிந்துகொண்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். வானத்தைப் பார்த்து வானிலையை அறிவது மாந்தரின் மிகப் பழைய கலை. அக்கலையைத் தம் துறவுப் பணியாகவே ஏற்றுக்கொண்டவர் பெனிட்டோ வீனியெஸ் அடிகள். கியூபா நாட்டின் அவானா நகரில் இயேசு சபையார் நடத்திய பெலேன் கல்லூரி வான் ஆய்வுக்கூடத்திற்கு அவர் 1870இல் தலைவரானார். உயரத்தில் இறகுபோல் படரும் முகில்கள் எத்திசையிலிருந்து விரிகின்றன என்பதை நாள்தோறும் குறித்துவைத்து, சூறாவளியின் மையம் எங்குள்ளது, எவ்வழியே நகரும் என்று கணித்தார். 1875 செப்டம்பர் 11 அன்று அவானா நாளேடுகளில் அவர் வெளியிட்ட எச்சரிக்கை, அச்சில் வந்த சூறாவளி முன்னறிவிப்புகளுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மணிலாவில் அதே சபையின் ஃபெதெரிக்கோ ஃபவுரா அடிகள் இத்தகைய பணியைச் செய்தார்.

வீனியெஸ் அடிகள் கணிப்பதோடு நின்றுவிடவில்லை. தீவுகளிலிருந்து தந்தி வழியே செய்தி பெறவும் அனுப்பவும் ஏற்பாடு செய்தார். புயலை அறிவது ஒரு பணி. அறிந்ததைப் பிறர் செவியில் சேர்ப்பது மற்றொரு பணி. அவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. செயற்கைக்கோள்களின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இக்குருவானவரே நம் நினைவுக்கு வருகிறார்.

தரையிலிருந்து பார்ப்பவருக்கு நடுக்கடல் தெரியாது. அங்கே புயல் உருவானால், அதில் சிக்கிய கப்பல் சொல்லித்தான் உலகம் அறியவேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரலிலிருந்து ஏவப்பட்ட டைரோஸ்-1 இந்நிலையை மாற்றியது. ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ள அக்கோளில் இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்தன. 78 நாள்களே உழைத்த போதிலும், பல்லாயிரம் மேகப் படங்களை அனுப்பிவிட்டது. ஆஸ்திரேலியாவிற்குக் கிழக்கே கடலில் சுழன்ற புயலொன்றை, ஏவப்பட்ட பத்தே நாள்களில் படம்பிடித்துத் தந்தது. அடுத்த ஆண்டில் டைரோஸ்-3 ஏவப்பட்டது. 1961 செப்டம்பரில் கார்லா என்னும் சூறாவளி டெக்ஸாஸ் கரையை நெருங்கியபோது அதன் படங்களும் கணிப்புக்கு உதவின. இலட்சக்கணக்கான மக்கள் உரிய நேரத்தில் கரையை விட்டு அகன்றனர்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வங்கக் கடலில் நடந்தது வேறு. 1970 சனவரி 23 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் ஏவுதளத்திலிருந்து சென்ற ஐடோஸ்-1 என்னும் வானிலைக் கோள், அவ்வாண்டு நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானை நோக்கி நகர்ந்த புயலைப் படமெடுத்தது. வானிலை ஆய்வாளர் அதைக் கண்டனர். வானொலியும் புயல் வருகிறதென்று சொல்லத்தான் செய்தது. ஆனால் சில வாரங்களுக்கு முன் வந்த எச்சரிக்கையின்போது பெரிதாக ஒன்றும் நிகழாததால், இம்முறை பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவர்க்கோ, தாழ்ந்த அத்தீவுகளில் ஏறி ஒதுங்க உறுதியான கட்டடம் இல்லை. நவம்பர் 12 நள்ளிரவில் எழுந்த கடல் குறைந்தது மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. விண்ணிலிருந்த கண் பழுதின்றிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் இது நடந்தது.

அதன்பின் 1972இல் செஞ்சிலுவைச் சங்கமும் வங்கதேச அரசும் சேர்ந்து கடலோர ஊர்களில் தொண்டர்களைப் பழக்கின. கொடியும் கையொலிபெருக்கியுமாக அவர்கள் வீடுவீடாகச் சென்றனர். 1991இல்கூட ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகலிடங்கள் பெருகிய பிறகு, 2007இல் வந்த கடும்புயலான சிடரில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் சிறிய எண்ணன்று. எனினும் இடைப்பட்ட வேறுபாட்டிற்குக் கேமராவின் திறன் மட்டும் காரணமில்லை.

இந்தியாவின் விண்வெளி வரலாறு ஒரு மீனவர் கோயிலில் தொடங்கியதை நம் மக்கள் அறிவர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் புனித மகதலா மரியா ஆலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா அவர்களும் அவ்வூர் மக்களும் அறிவியல் பணிக்கென விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21 அன்று முதல் இராக்கெட் அங்கிருந்து எழுந்தது. 1982இல் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடம் சுமந்து சென்ற இன்சாட்-1பி வங்கக் கடலின் மேகங்களைப் படமெடுத்ததோடு, கடலோர ஊர்களில் வைத்த பெட்டிகளில் அபாயச் சங்கை ஒலித்து, வட்டார மொழியிலேயே எச்சரிக்கவும் பயன்பட்டது. ஆந்திரக் கரையில் 1977 புயலில் பத்தாயிரம் பேர் மாண்டனர். 1990 மே மாதப் புயலில் அவ்வெண்ணிக்கை ஆயிரத்திற்கும் குறைவு.

பெட்டி கரையில் இருந்தது, படகில் இல்லை. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயலாயிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர் அதற்குப் பல நாள்களுக்கு முன்பே கரையை விட்டுச் சென்றிருந்தனர். கோயில் ஒலிபெருக்கி அவர்களுக்குக் கேட்காது, கைபேசியும் எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர் திரும்பவில்லை. தும்பாவைத் தந்த அதே கரையின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. காணாமற்போனவர் யாவர் என்ற பட்டியலைப் பங்கு பங்காகக் குருக்களும் மக்களும் எழுத வேண்டியிருந்தது.

2019இல் ஜெமினி என்னும் கருவி வந்தது. தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து 2011இல் சென்ற ஜிசாட்-8 முதலான கோள்களின் வழியே, கைபேசி எட்டாத தொலைவிலும் அது எச்சரிக்கையைச் சேர்க்கும். ஆனால் மீனவர் அதன்வழி மறுமொழி கூற இயலாது. 2024இல் இஸ்ரோ அறிமுகப்படுத்திய புதிய அபாய அறிவிப்புக் கருவியோ, நடுக்கடலிலிருந்து உதவி கேட்டவருக்கு, அவர் குரல் கரையில் கேட்டது என்ற விடையைத் திருப்பி அனுப்புகிறது.

நம் பங்கின் படகுகளுள் எவற்றில் இக்கருவிகள் உள்ளன, எவற்றில் இல்லை என்று எண்ணும் வேலையை இளைஞரிடம் ஒப்படைத்துள்ளோம். கணக்கு இன்னும் முடியவில்லை.