விக்கிரமாதித்தனும் இரும்புக்கை மாயாவியும்

புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் நந்தனம் மெட்ரோவில் கனத்த பையோடு ஏறும் காமிக்ஸ் பிரியர், வண்டி மாறாமல் வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடலாம். பைக்குள் டெக்ஸ் வில்லரின் தடித்த தொகுப்பு, லக்கி லூக்கின் வண்ண ஆல்பம், மந்திரவாதிகள் உலவும் நாவல் ஒன்றிரண்டு. இவற்றுக்காக இவ்வளவு தூரம் போய்வருவது வடசென்னைக்காரருக்குப் புதிய பழக்கம். மாயக்கதைப் புத்தகம் நெடுங்காலம் இந்த வட்டாரத்தின் சொந்தச் சரக்காக இருந்தது. அச்சானதும் விற்றதும் வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான்.

பேட்டைக்குத் தெற்கே, சௌகார்பேட்டையை ஒட்டிக் கிடக்கிறது கொண்டித்தோப்பு. பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் என்ற பதிப்பகத்தின் முகவரி இந்தப் பகுதிதான். ‘பெரிய எழுத்து’ என்ற அடையாளத்தோடு அவர்கள் போட்ட விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை எல்லாம் தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகள் வரை போய்ச் சேர்ந்தன. மெல்லிய தாள், கெட்டியான கறுத்த எழுத்து, நடுநடுவே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது போன்ற முரட்டுப் படங்கள். எழுத்தைப் பெரிதாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவருக்கும், விளக்கு வெளிச்சத்தில் படிக்கும் முதியவருக்கும் அதுதான் தோது. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள்.

இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது 1835இல். அதன் பிறகு ஜார்ஜ் டவுன் சந்துகளில் அச்சகங்கள் பெருகின. குஜிலி எனப்பட்ட சந்தைக் கடைகளில் கொலைச் சிந்தும் காதல் பாட்டும் விபத்துச் செய்தியும் சிறு பிரசுரங்களாகக் காசுக்கு விற்றன. படித்தவர்கள் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. ஆனால் காடாறு மாதம் நாடாறு மாதம் ஆண்ட மன்னனையும், கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையையும், பதில் சொன்னதும் முருங்கை மரத்துக்கே பறந்துவிடும் வேதாளத்தையும் சாதாரணக் குடும்பங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த மலிவுப் பதிப்புகள்தான். படித்தவர்களிலும் விதிவிலக்கு உண்டு: மதனகாமராஜன் கதையை நடேச சாஸ்திரி 1886இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

அடுத்த கட்டமும் பக்கத்துத் தெருவிலேயே நடந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறுவர் இதழான அம்புலிமாமா, ஆரம்ப காலத்தில் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெரு முகவரியிலிருந்துதான் வந்தது. வடபழனிக்குப் போனது பின்னால் நடந்த கதை. அதே இரட்டையர் 1951இல் ‘பாதாள பைரவி’யைப் படமாக்கியபோது, மந்திரவாதி பத்திரிகையிலிருந்து வெள்ளித்திரைக்கும் ஏறிவிட்டான். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கர், பள்ளிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்து முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். பிறகு ஓவியப் பள்ளி, கலைமகள், 1952 முதல் அம்புலிமாமா. 2020இல், தொண்ணூறைக் கடந்த வயதில் அவர் மறைந்தார். அந்த ஒற்றைச் சித்திரம் அறியாத தமிழ்க் குழந்தை ஒரு காலத்தில் அபூர்வம்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது 1972 தொடக்கத்தில். முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஜீசஸ் பிளாஸ்கோ. கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்தியிருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் கதவைத் திறக்கும் அந்த வெறுங்கையைப் பார்த்த சிறுவனுக்கு இது அந்நியமாகவே படவில்லை. வீட்டில் பாட்டி சொன்ன வித்தைகளுக்கு மின்சாரம் சேர்ந்தது, அவ்வளவே. வெளிநாட்டுச் சரக்கு தமிழில் இத்தனை சுலபமாக வேர்பிடித்ததற்கு, கொண்டித்தோப்பு ஏற்கெனவே நிலத்தை உழுது வைத்திருந்தது பெரிய காரணம்.

1984 ஜூலையில் இரண்டு வரவுகள். ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு லயன் காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். ராணி ஒன்றரை ரூபாய்க்குக் கிடைத்ததால் பெட்டிக்கடைக் கயிற்றில் வாராந்தரிகளோடு தொங்கியது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூல் நிலையம் இருந்தது. ஒரு புத்தகம் தெருவெல்லாம் சுற்றி, அட்டை கிழிந்து, பசை ஒட்டித் திரும்பி வரும்.

பழைய புத்தகம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900 வாக்கில் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் புறாவும் கிராமபோனும் விற்ற கடைகளுக்கு இடையே, பழைய புத்தகக்காரர்கள் தரையிலிருந்து தலைக்கு மேல் வரை அடுக்கி வைத்திருந்தார்கள். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது புதையல். 1985 மே 30 அன்று எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த இழப்பை இன்றும் ஈடுசெய்ய முடியவில்லை.

ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. முத்துவும் லயனும் தடுமாறி, 2012இல் புதுப் பொலிவோடு திரும்பின. இப்போது கெட்டி அட்டை, வழவழத் தாள், ஆண்டுச் சந்தா. சிறுவனாக வாடகைக்கு எடுத்துப் படித்தவர்கள் நடுவயதில் சொந்தப் பணம் போட்டு வாங்குகிறார்கள். தரம் உயர்ந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தப் பதிப்புகளின் விலை, பழைய பெட்டிக்கடை வாசகனின் பிள்ளைக்கு எட்டாததாக இருக்கிறது என்பதும் உண்மை. மலிவுப் பதிப்பு ஒன்று மீண்டும் வர வேண்டும்.

அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகங்களும் ராணி காமிக்ஸும் பெரும்பாலும் பழைய பேப்பர்க் கடையில் கிலோக் கணக்கில் போயின. பேட்டை வீடுகளின் பரணில் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கலாம். வீடு காலி செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் பழைய தமிழ் நூல்களைப் பாதுகாக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒருமுறை அங்கே கேட்டுப் பாருங்கள்.