மதராஸ் வெள்ளிக் கரண்டிகள்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் மேசைக்கெனச் சென்னையில் செய்யப்பட்ட கரண்டி, முள்கரண்டி, தேநீர்க் கலம் முதலியவை மதராஸ் வெள்ளி எனப்படுகின்றன. இவற்றுள் இந்துக் கடவுளர் உருவங்களைப் புடைப்பு வேலையாகக் கொண்டவை 'சுவாமி வெள்ளி' எனப் பெயர் பெற்றன. மவுண்ட் ரோட்டிலிருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இதில் புகழ்பெற்றது. தெய்வ உருவம் நுனியில் நிற்கும் கரண்டியால் தேநீரைக் கலக்குவது அக்காலத்து வெள்ளைக்காரர்களுக்கு விந்தையாகத் தோன்றவில்லை போலும்.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட வெள்ளியின் வயதை அறிவது எளிது. 1300ஆம் ஆண்டுச் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையைக் கொண்டுவந்தது. 1478 முதல் ஆண்டெழுத்தும், 1544 முதல் நடக்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் தலையும் இடம்பெற்றது. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி. மதராஸ் வெள்ளிக்கு இத்தகைய அரசுச் சோதனை இல்லை. பெரும்பாலும் செய்தவர் பெயர் மட்டுமே இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. ரூபாய் நாணயங்களை உருக்கிச் செய்வது அன்றைய வழக்கம். 1835க்குப் பிந்தைய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது சுமார் 91.7 விழுக்காடு வெள்ளி. ஆகவே ஸ்டெர்லிங்கைவிடச் சற்றே குறைவு. முத்திரை இல்லை என்பதாலேயே ஒன்றைப் போலி என ஒதுக்குவது தவறு.

இராமநாதபுரம் சீமையிலும் ஆங்கிலப் பழக்கங்கள் மெல்லப் புகுந்தன. பாஸ்கர சேதுபதி (1868–1903) சிறுவராக இருந்தபோது, 1873 முதல் 1889 வரை, ஜமீன் கோர்ட் ஆப் வார்ட்ஸ் மேற்பார்வையில் இருந்தது. அவர் சென்னையில் ஆங்கில ஆசிரியர்களிடம் பயின்றார். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துடன் அந்த ஆட்சிமுறை முடிந்தது.

கடற்கரை ஊர்களில் வெள்ளியைப் பேணுவது தனி வேலை. உப்பு வெள்ளியை அரித்துப் புள்ளிக் குழிகளை உண்டாக்கும். உப்புக் கிண்ணங்களின் உட்புறத்துக்கு ஆங்கிலேயர் தங்கப் பூச்சு பூசியது இதனால்தான். கறுப்பு வேறு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது. அதை அடிக்கடி தேய்த்து நீக்கினால் முத்திரையும் சேர்ந்து மழுங்கிவிடும்.

எடைக்கு விற்பதே பெரிய இழப்பு. நகைக்கடையில் உருக்குக் குகைக்குள் போன கரண்டியில் செய்தவர் பெயரும் வேலைப்பாடும் மறைந்துவிடுகின்றன. கத்திகளில் எடைக் கணக்கும் ஏமாற்றும்: அலகு எஃகு, பிடி மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே நிரப்பியிருப்பது பிசின். இ.பி.என்.எஸ். என்று பொறித்திருந்தால் அது முலாம் பூசிய நிக்கல் கலவை. 1840க்குப் பின் பரவிய மின்முலாம் முறையில் வந்தது. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.