போர்ப் படத்துக்கு விமானம் கொடுப்பவர் யார்?

ஹொலிவூட்டின் போர்ப் படங்களைப் பற்றி எங்களில் பலர் "எல்லாம் அமெரிக்கப் பிரசாரம்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுவதுண்டு. அது முழுப் பொய்யல்ல. ஆனால், பெரிய ஸ்டூடியோக்களில் ஒரு போர்ப் படத்தின் கதையைத் தீர்மானிப்பவர்களில் கணக்காளரும் ஒருவர் என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. கொள்கையைவிடச் செலவுக் கணக்கே பல இடங்களில் உரத்துப் பேசுகிறது என்பது என் எண்ணம்.

போர்ப் படத்துக்கு விமானம் வேண்டும், கப்பல் வேண்டும், சீருடையில் நடக்கத் தெரிந்த நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலை வாடகைக்கு விடும் கடை உலகில் எங்கும் இல்லை. அது கடற்படையிடம்தான் இருக்கிறது. ஆகவே 1927 இல் வெளியான 'விங்ஸ்' படத்துக்காகவே பரமவுண்ட் நிறுவனம் இராணுவத்தின் வாசலுக்குப் போனது. டெக்சாஸ் மாநிலத்தில் விமானங்களும் சிப்பாய்களும் கிடைத்தன. முதலாவது ஒஸ்கார் விழாவில் சிறந்த படமாகத் தெரிவானதும் அதுவே.

இன்று இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. தயாரிப்பாளர் திரைக்கதையைப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு, அதாவது பென்டகனுக்கு, அனுப்ப வேண்டும். அங்குள்ளவர்கள் வாசித்துத் திருத்தம் சொல்வார்கள். உடன்பட்டால் ஒப்பந்தம். படம் வெளிவருமுன் அவர்களுக்குப் போட்டுக் காட்டவும் வேண்டும். படைகள் எப்படியும் செய்யவிருந்த பயிற்சியைப் படம்பிடித்தால் அதற்குக் கட்டணம் இல்லை. மேலதிகச் செலவை மட்டும் ஸ்டூடியோ செலுத்தும். உடன்படாவிட்டால் யாரும் படத்தைத் தடைசெய்வதில்லை. உங்கள் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். அந்த 'உங்கள் வழி' பல மில்லியன் டொலர் பெறும்.

1986 இல் வந்த 'டொப் கன்' சுமார் 15 மில்லியன் டொலரில் எடுக்கப்பட்டது. படத்தில் பறக்கும் எஃப்-14 விமானம் ஒன்றின் விலையே அதைவிட அதிகம். கடற்படை விமானங்களையும் கப்பலையும் தந்தது; திரைக்கதை மாறியது. நாயகனின் காதலி முதலில் படையில் பணிபுரிபவளாக எழுதப்பட்டிருந்தாள். படைக்குள் அப்படியான உறவு விதிக்கு முரண் என்பதால் அவள் படைக்கு வெளியே உள்ள நிபுணர் ஆனாள். நடுவானில் விமானங்கள் மோதி நண்பன் இறப்பதாக இருந்த காட்சியும் வேறொரு விபத்தாக மாறியது.

இதைவிட வெளிப்படையான உதாரணம் 1968 இல் வந்த 'த கிரீன் பெரேஸ்'. வியட்நாம் போரை நியாயப்படுத்தி ஒரு படம் எடுக்க உதவுமாறு நடிகர் ஜோன் வெய்ன், ஜனாதிபதி ஜோன்சனுக்கே கடிதம் எழுதினார். ஜோர்ஜியா மாநிலத்தின் இராணுவ முகாமில் படப்பிடிப்பு நடந்தது. ஹெலிகொப்டர்களும் ஆட்களும் கிடைத்தும் இராணுவம் கேட்ட தொகை சுமார் 18,000 டொலர்தான். (படத்தின் முடிவில் வியட்நாம் கடலில் சூரியன் மறைகிறது. அந்த நாட்டின் நீண்ட கரை கிழக்கைப் பார்த்தது. மட்டக்களப்பார் யாரும் சிரிப்பார்கள்.)

மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' சாட்சி. பென்டகனின் உதவி கிடைக்காததால் அவர் 1976 இல் பிலிப்பைன்ஸ் போனார். அங்கே சர்வாதிகாரி மார்க்கோஸின் படையிடமிருந்து ஹெலிகொப்டர்கள் பெறப்பட்டன. அவை படப்பிடிப்பின் நடுவிலேயே திருப்பி அழைக்கப்பட்டன, கிளர்ச்சியாளர்களோடு நடந்த உண்மையான சண்டைக்காக. சூறாவளி அரங்குகளை அழித்தது. செலவு இரண்டு மடங்கைத் தாண்டி 30 மில்லியன் டொலருக்கு மேல் போக, கொப்போலா தன் சொத்துகளைப் பிணை வைத்தார்.

கடற்கரைக் கிராமத்தை ஹெலிகொப்டர்கள் தாக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை விமர்சகர்கள் இசைக்காகவும் ஒளிப்பதிவுக்காகவும் மெச்சுகிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடிவதில்லை. கமெராவுக்காகப் பறந்த இயந்திரங்கள் அதே நாட்டில் வேறு மனிதர்களின் கூரைகளுக்கு மேலும் பறந்திருக்கின்றன. சத்தம் கேட்டதும் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒலிவர் ஸ்டோன் 1976 இல் எழுதிய 'பிளட்டூன்' திரைக்கதைக்குப் பத்து வருடங்களாகப் பணம் கிடைக்கவில்லை. பென்டகனும் மறுத்தது. கடைசியில் சுமார் 6 மில்லியன் டொலரில் அதுவும் பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் 130 மில்லியனுக்கு மேல் வசூலித்தது. நேர்மையான படம்தான். ஆனாலும் வியட்நாம் கிராமத்தவர்கள் அதில் அழவும் சாகவும் மட்டுமே வருகிறார்கள். நுழைவுச்சீட்டு வாங்கப்போகிறவர் அமெரிக்கர். வலியும் அமெரிக்கருடையதாகவே இருக்க வேண்டியிருந்தது.

பிறகு வாங்குபவர் மாறினார். 'ரெட் டோன்' படத்தின் புதிய பதிப்பை எம்.ஜி.எம். நிறுவனம் 2009 இல் எடுத்தபோது அமெரிக்காவை ஆக்கிரமிப்பது சீனப்படை. சீனத் திரையரங்குகளின் வருமானம் வளர்ந்துகொண்டிருந்தது. படம் முடிந்த பின்னர் கணினியில் கொடிகளும் சின்னங்களும் மாற்றப்பட்டன. 2012 இல் வெளியானபோது எதிரி வட கொரியா. வட கொரியாவில் இழப்பதற்கு ஒரு நுழைவுச்சீட்டும் இல்லை.

2019 இல் வந்த 'டொப் கன்: மேவரிக்' முன்னோட்டத்தில் நாயகனின் மேலங்கியிலிருந்த தாய்வான், ஜப்பான் கொடிகளைக் காணவில்லை. அப்போது சீனாவின் டென்சென்ட் நிறுவனம் முதலீட்டாளர்களில் ஒன்று. அது விலகிய பின், 2022 இல் படம் வந்தபோது கொடிகள் திரும்பியிருந்தன. எஃப்-18 விமானங்களுக்கு மணித்தியாலத்துக்கு 11,000 டொலருக்கு மேல் கட்டணம் செலுத்தப்பட்டது. வசூல் 1,400 மில்லியன் டொலரைத் தாண்டியது. குண்டு விழும் நாட்டுக்கு மட்டும் படம் முழுவதும் பெயரே இல்லை. அதன் விமானிகளின் முகங்களைக் கறுப்புக் கண்ணாடி மூடியிருக்கிறது.